கொட்டை எழுத்து

கடைசி 'டி'யை அஞ்சுகம் அச்சு கோக்கிற ஸ்டிக்கில் தலைகீழாக நிறுத்தியபோது, பெரியப்பா செத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

இ, டி, எம், ஓ, என், டி. ஆறு எழுத்து. எத்மோன். பதினோரு வருஷமாக இந்த ஆறு எழுத்தையும் மனசுக்குள் எத்தனை முறை கோத்துப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இன்றைக்குத்தான் ஈயத்தில் கோத்தாள்.  

"எவ்வளவு நேரமாகும்?" என்றான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற ழான்-போல். செத்தவரின் ஒரே பிள்ளை. பாரிஸில் வேலை. அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி போய், மூன்று வாரமாக இங்கே இருக்கிறான். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. கண் மட்டும் தூங்காத கண்.

"ஒம்பதரைக்கு புரூஃப் தருவேன். நீங்க பாத்துச் சரின்னு எழுதிக் குடுத்தா, பன்னெண்டு மணிக்குள்ள நூத்தம்பது தாளும் ரெடி."

"நாலு மணிக்கு எடுக்கறோம். அதுக்கு முன்னாடி மாதா கோவில் வாசல்ல ஒட்டியாகணும்."

"ஒட்டிடலாங்க."

"புரூஃப வீட்டுக்கே கொண்டாந்துடுறீங்களா? அம்மா பாக்கணும்னாங்க." அவன் கிளம்பியவன் திரும்பினான். "நீங்க நல்லா பிரெஞ்சு படிக்கறீங்க. உங்க பேரு?"

"அஞ்சுகம்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தப் பெயர் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் அவனை வளர்க்கவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பங்களில் ஒரு சாவு விழுந்தால், சவப்பெட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் அச்சகத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். கறுப்புக் கரை போட்ட தாளில் சாவுச் சேதி அடிக்க வேண்டும். அதற்கு ஃபேர்-பார் என்று பெயர். முழுக்கப் பிரெஞ்சில் இருக்கும். முதல் வரியில் பெண்டாட்டி, அடுத்து பிள்ளைகள், அடுத்து கூடப்பிறந்தவர்கள், அவர்கள் வீட்டார் என்று முறைப்படி பெயர்கள் இறங்கும். இத்தனை பேரும் சேர்ந்து துக்கத்தோடு தெரிவிப்பது என்னவென்றால் என்று ஒரு வரி. அப்புறம் செத்தவர் பெயர். யார் எந்த வரியில் வருகிறார் என்பதை வைத்து அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று ஊரே தெரிந்துகொள்ளும். அந்தத் தாளில் இல்லாதவர் அந்தக் குடும்பத்தில் இல்லாதவர்.

மற்ற பெயரெல்லாம் சின்ன எழுத்து. செத்தவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்து.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பலில் வந்த எழுத்து அது. அஞ்சுகம் வேலை பார்க்கிற உம்மு சல்மாவின் அச்சகத்தில் ஒரே ஒரு தட்டுதான் உண்டு. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நெட்டுக்கோடுகள் தூண் மாதிரி பருத்திருக்கும். அவற்றைச் சேர்க்கிற குறுக்குக்கோடுகளோ தலைமயிர் கனம்தான். மேலேயும் கீழேயும் மெல்லிய தட்டைப் பாதம். வயிறு பெருத்த மனுஷன் பளபளப்பான செருப்பு போட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் நிற்கும். இரண்டு வார்த்தைக்கு மேல் அதில் கோத்தால் படிக்கிறவன் கண் களைத்துவிடும். ஆனால் ஒரே ஒரு பெயரைக் கோத்துப் பாருங்கள். தெருவின் அந்தக் கோடியில் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கிப் பார்ப்பான். தேர்தல் வந்தால் வேட்பாளர் பெயருக்கு, சர்க்கஸ் வந்தால் சிங்கத்துக்கு, மற்றபடி சாவுக்கு. இந்த மூன்றுக்குத்தான் அந்தத் தட்டை இழுப்பார்கள்.

அதற்கு அச்சகத்தில் ஒரு விதி உண்டு. கறுப்புக் கரைத் தாளில் உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கொட்டை எழுத்தில் கோக்கக் கூடாது. சாவுப் பெயர் கோத்த எழுத்தைத் திரும்பத் தட்டில் போடாமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

அஞ்சுகம் ஸ்டிக்கை ஓரமாக வைத்துவிட்டு, சின்ன எழுத்துகள் கிடக்கிற மரத்தட்டுக் கேஸுக்கு வந்தாள். ழான்-போல் எழுதிக் கொடுத்த தாளைக் கேஸின் மேல் விளிம்பில் சொருகினாள். முதல் வரி, மதாம் வேவ் எத்மோன். எத்மோனின் விதவை. சொந்தப் பெயர் மார்கெரித். அடுத்த வரி பிள்ளை ழான்-போல். அதற்கு அடுத்து மார்கெரித்தின் அக்காக்கள், தங்கைகள், புதுச்சேரியில் இருக்கிற மச்சினர்கள், அவர்கள் பெண்டாட்டிமார், ரெயூனியன் தீவில் இருக்கிற யாரோ ஒருவரின் மருமகள்.

செத்தவருக்குத் தம்பி ஒருவர் இருந்ததாகவே தாள் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி எங்கிருந்து வருவாள்?

அந்தத் தம்பிதான் அஞ்சுகத்தின் அப்பா, ஆல்போன்ஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியவர். திருவேட்டக்குடியில் வலைக்காரர் வீட்டுப் பெண் நீலாயதாட்சியைத் தாலி கட்டிக்கொண்டு, கடலோரத்திலேயே வீடு போட்டுத் தங்கிவிட்டார். அண்ணன் எத்மோன் சைகோன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். மீன்காரியைத் தம்பி பெண்டாட்டி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினாறு வருஷம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எழுபத்தொன்றில் ஆல்போன்ஸுக்கு ஈரல் கெட்டது. வைத்தியம் பார்க்கிறேன் என்று அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். எட்டாம் நாள் தம்பி செத்துப்போனார். நீலாயதாட்சி பதினைந்து வயசு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அண்ணன் வீட்டு இரும்புக் கேட் சாத்தியிருந்தது. உள்ளே இருந்து ஒருத்தரும் திறக்கவில்லை.

அங்கிருந்து மாதா கோவில் வாசலுக்கு ஓடினாள். அங்கே ஃபேர்-பார் ஒட்டியிருந்தது, முதல் வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையோடு. ஆல்போன்ஸ் என்று கொட்டை எழுத்தில் கறுகறுவென்று நின்ற பெயர் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது, புருஷன் பட்டாளத்துப் பெட்டியில் அதே மாதிரி எழுதியிருந்ததால். மற்றதைப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கம் வந்த வைத்திலிங்கத்தை மறித்தாள். அவரும் பழைய சொல்தா. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துச் சொன்னார். கடைசி வரை அவள் பெயர் வரவில்லை.

"இன்னொரு தடவ படிங்க," என்றாள் நீலாயதாட்சி.

அவர் இன்னொரு தடவை படித்தார்.

"சரியாப் பாத்துப் படிங்க சாமி. எங்கயாச்சும் சின்ன எழுத்துல போட்டுருப்பாங்க."

மூன்றாவது தடவை அவர் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அஞ்சுகம் அதைப் பார்த்தாள். அடுத்த மாசமே, அந்தத் தாளை அச்சடித்த இடம் எது என்று விசாரித்துக்கொண்டு வந்து, இதே அச்சகத்தில் வேலை கேட்டாள். கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு இந்த ஊரில் பிரெஞ்சு கோக்கத் தெரிந்த கை அவள் கை ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு வரிகளெல்லாம் முடிந்தன. அஞ்சுகம் முதல் வரியை, மார்கெரித்தின் வரியை, இரண்டு விரலால் அப்படியே தூக்கி வெளியே வைத்தாள். அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையை இறக்கினாள். கொட்டை எழுத்தின் நெட்டுக்கோடு எவ்வளவு பருமனோ, அதே பருமன்.

ட்ரெடில் அச்சு மெஷின் ஓட்டுகிற மருதையன் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா இது, பொண்டாட்டி பேர் வர்ற எடத்துல தார் ரோடு போட்டு வெச்சிருக்க?"

"புரூஃப் ஒண்ணு இழுத்துக் குடு மருதையா."

"தெரிஞ்சுதான் செய்யிறியா, தூக்கக் கலக்கமா?"

"நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்துருக்கேன். இழு."

அவன் இழுத்தான். தாளைக் கொடுக்கும்போது, "அவுக வூட்டு நாயி கடிக்கும், பாத்துப் போ," என்றான். அவன் எந்த நாயைச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

வெயில் ஏறியிருந்தது. பெரியப்பா வீட்டு இரும்புக் கேட் விரியத் திறந்து கிடந்தது. "பிரஸ்லேருந்து வந்துருக்கேன், புரூஃப்," என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அன்றைக்குப் பெண்டாட்டி, பிள்ளை என்று சொல்லியும் திறக்காத கேட், இன்றைக்கு ஒரு ஈரத் தாளுக்கு வழி விட்டது.

கூடத்தில் பெட்டி இருந்தது. அடியில் உமி தூவிய ஐஸ் பாளம். மெழுகுவத்தி, ஓடிகொலோன் வாசனை. எத்மோன் கோட்டு போட்டு, கழுத்தில் கறுப்பு டை கட்டிப் படுத்திருந்தார். செத்தும் மோவாய் மேலேதான் நின்றது. அஞ்சுகம் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

தலைமாட்டில் நாற்காலியில் மார்கெரித். கறுப்புக் கவுன், மடியில் ஜெபமாலை. ழான்-போல் தாளை வாங்கி அம்மாவிடம் கொடுத்தான். அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். முதலில் கொட்டை எழுத்தைப் பார்த்தாள். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் திருப்திதான் போலிருந்தது. அப்புறம் கண் மேலே ஏறியது.

பட்டையில் போய் நின்றது.

"எம் பேரு எங்க?"

"அந்த எடத்துலதாங்க இருந்துச்சு," என்றாள் அஞ்சுகம்.

"இருந்துச்சுன்னா? இது என்னா கறுப்பா?"

"ஒரு பொண்டாட்டி பேர எடுத்தா, அந்த எடம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு எங்க பிரஸ்ல பட்டை வெப்போங்க. எழுபத்தொண்ணுல ஒருத்தருக்கு இப்படித்தான் வெச்சாங்க. நீங்களும் பாத்துருப்பீங்க."

மார்கெரித் கண்ணாடிக்கு மேலாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் வெளிறியது.

"நீ நீலாயதாட்சி மவளா?"

"ஆமாங்க."

"யாரும்மா இவங்க?" என்றான் ழான்-போல்.

 சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி விசிறியைக்கூட நிறுத்திவிட்டாள்.

"யாருன்னு கேக்கறாருல்ல, சொல்லுங்க," என்றாள் அஞ்சுகம். குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னா நல்லாருக்காது."

"உன் சித்தப்பா மவ," என்றாள் மார்கெரித். மெழுகுவத்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகலன்னு சொன்னீங்களே?"

"கோவில்ல எழுதல. மெரி ஆபீஸ் ரிஜிஸ்தர்ல எழுதல. கடக்கரையில எவளுக்கோ மஞ்சக் கயிறு கட்டுனா கல்யாணமா?" இப்போது அந்த அம்மாளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "உங்க சித்தப்பாவே சாகறப்ப சொன்னாரு. அவ பேரு வேணாம், மானம் போயிடும்னு. அவரு சொன்னதத்தான் உங்கப்பா செஞ்சாரு. நீ போயி வரிய ஒழுங்கா வெச்சுக் கொண்டா போ."

இதற்காகத்தான் அஞ்சுகம் காத்திருந்தாள். இடுப்பில் சொருகியிருந்த காகிதத்தை எடுத்து ழான்-போலிடம் நீட்டினாள். பழுப்பேறிய தாள், நடுவில் கம்பி குத்திய ஓட்டை. அச்சகத்தில் அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்த மூலத்தைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவள் இதைக் கண்டுபிடித்து எடுத்து வைத்துவிட்டாள்.

"எங்கப்பா கையெழுத்து. செத்துடுவோம்னு தெரிஞ்சு தன்னோட ஃபேர்-பாரத் தானே எழுதியிருக்காரு. மொத வரியப் படிங்க."

ழான்-போல் படித்தான். "மதாம் வேவ் ஆல்போன்ஸ்... நீலாயதாட்சி." அவன் நிறுத்தினான். அந்த வரியின் மேல் நீலப் பென்சிலால் ஒரு கோடு. ஒரு தடவை அல்ல, நான்கைந்து தடவை, தாள் கிழிகிற அளவுக்கு இழுத்த கோடு. ஓரத்தில் எடுத்துவிடவும் என்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை. அதன் கீழே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவன் கேட்கவில்லை. பெட்டியில் படுத்திருந்தவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"நேரமாவுதுங்க," என்றாள் அஞ்சுகம். "ரெண்டு விதமா அடிக்கலாம். ரெண்டு பொண்டாட்டி பேரும் அவங்கவங்க மொறையில வரணும். இல்லன்னா ரெண்டும் வராது. பட்டையோட நூத்தம்பது தாளும் போவும். புதுச்சேரியில அடிச்சு எடுத்துட்டு வரலாம்னா போங்க, கார் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேரும்."

"மெரட்டுறியா? சாவு வூட்டுல வந்து நின்னு மெரட்டுறியா?"

"சாவு வூடுதாங்க. எங்கள அன்னைக்கு உள்ள விட்டுருந்தா நாங்களும் இதே எடத்துலதான் ஒக்காந்து அழுதுருப்போம்."

 ழான்-போல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். எழுதவில்லை. மூடியைக் கழற்றி அம்மாவின் மடியில், ஜெபமாலையின் பக்கத்தில் வைத்தான்.

மார்கெரித் அதை ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்தாள். அப்புறம் எடுத்தாள். பிள்ளையின் பெயருக்குக் கீழே, மூன்றாவது வரியாக எழுதினாள். மதாம் வேவ் ஆல்போன்ஸ். சொந்தப் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. பிரெஞ்சில் அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அஞ்சுகம் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அந்த அம்மாள் எழுத்து எழுத்தாக எழுதினாள்.

"உங்க பேரும் வரணுமில்ல?" என்றான் ழான்-போல்.

"வேணாங்க. எங்கம்மா பேரு போதும்."

தாளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பின்னாலிருந்து மார்கெரித்தின் குரல் வந்தது. "அவரு பேரு நல்லாப் பெருசா இருக்கட்டும். பாரிஸ் வரைக்கும் போற தாளு."

அஞ்சுகம் படி இறங்கினாள்.

அச்சகத்துக்கு வந்து பட்டையை எடுத்துப் போட்டாள். மார்கெரித் வரியைப் பழையபடி இறக்கினாள். அம்மாவின் பெயரைக் கோத்தாள். சின்ன எழுத்துதான், முறைப்படி. விரல் பழக்கத்தில் ஓடி முடித்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் இன்னொரு புரூஃப் இழுக்கச் சொல்லி, தாளைத் தள்ளிப் பிடித்து, தெருவில் போகிறவன் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கண் நேராக எத்மோனில் போய் விழுந்தது. தாளை ஆட்டினாலும், திருப்பிப் பிடித்தாலும் எத்மோன்தான். மற்ற வரியெல்லாம் எறும்பு வரிசை. அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். ஆல்போன்ஸ் என்கிற கறுப்பைப் பார்த்தார்கள், அடடா என்றார்கள், போய்விட்டார்கள். பெண்டாட்டி பெயர் இல்லையே என்று ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. இந்த எழுத்து அப்படிப்பட்டது. ஒன்றைக் காட்டுவதற்காக மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். இப்போது அம்மா பெயர் தாளில் இருக்கிறது. இருந்து என்ன? எவன் படிப்பான்?

அஞ்சுகம் வரிகளைச் சுற்றிக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள். ஆறு கொட்டை எழுத்துகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். எத்மோன் என்ற பெயரைச் சின்ன எழுத்தில், ரெயூனியன் மருமகளுக்கு என்ன அளவோ அதே அளவில் கோத்து, தாளின் கடைசி வரிக்கு முந்திய வரியில் ஒடுக்கி வைத்தாள்.

உம்மு சல்மா கறுப்புக் கரைத் தாள்களை உதறி அடுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் மௌத்தான பிறகு அச்சகத்தை நடத்துகிறவள். புதுப் புரூஃபைப் பார்த்துவிட்டு, மூக்குத்தியைத் தடவினாள்.

"கொட்டை எங்க புள்ள?"

"கழட்டிட்டேன்."

"யாரு செத்ததுன்னு எப்புடித் தெரியும்?"

"படிச்சாத் தெரியும். மொதல்லேருந்து படிச்சாத்தான் தெரியும்."

உம்மு சல்மா தாளை மேலிருந்து கீழே படிக்கிற மாதிரி விரலை ஓட்டினாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. மூன்றாவது வரியில் விரல் நின்றது. எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வந்து சண்டைக்கு நின்னா என்னா சொல்றது?"

"எழுத்து தேஞ்சு போச்சுன்னு சொல்லுங்க."

"அல்லாவுக்குப் பொதுவா நான் பொய் சொல்ல மாட்டேன்." மூன்றாவது வரியிலிருந்து விரலை எடுத்தாள். "அன்னைக்கு உங்கம்மா வரிய எடுத்தாங்கல்ல, எங்க வூட்டு ஆளு? அந்த எடத்துக்குப் பட்டை வெட்டிக் குடுத்தது நாந்தான். மொதல்ல வெட்டுனது நீளம் பத்தல. அளவா இருக்கணும்னு ரெண்டாவது தடவ வெட்டுனேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "பதினோரு வருசமா எதிர்லயே நிக்கிற. நீயும் கேக்கல, நானும் சொல்லல."

அஞ்சுகம் புரூஃபை மருதையனிடம் நீட்டினாள்.

"மருதையா, என்னா வேடிக்க? அடி," என்றாள் உம்மு சல்மா.

மூன்றரை மணிக்கு மருதையன் கோவில் வாசலில் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. அஞ்சுகம் போனபோது ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முகமும் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"யாருப்பா போனது? பேரயே காணும்?"

"கறுப்புக் கரை இருக்கு. ஆளு எங்க?"

"பிரஸ்காரன் குடிச்சுட்டு அடிச்சுட்டானா?"

"நான் பச்சத்தண்ணி கூடக் குடிக்கலய்யா," என்றான் பசை வாளியோடு நின்ற மருதையன். அது நிஜம்தான். அஞ்சுகம் மத்தியானம் சாப்பிடவில்லை. அதனால் அவனும் சாப்பிடவில்லை.

கூட்டத்தின் பின்னால் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நீலாயதாட்சி நின்றாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முன்கையில் செதில் மினுங்கியது.

"நீ எதுக்கும்மா வந்த? நான் வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"மார்க்கெட்டுலயே சொன்னாங்க. எங்களுக்குக் கேட்டச் சாத்துனவரு பொட்டி எந்த வழியாப் போவுதுன்னு பாக்கணும்னு வந்தேன்." தாளை மோவாயால் காட்டினாள். "அதுல கறுப்பாப் பெருசா ஒண்ணுத்தயும் காணுமே. அவரு பேர நீ போடலையா?"

"போட்டுருக்கும்மா."

"வேற யாரு பேரு போட்டுருக்க?"

அஞ்சுகம் தாளைக் கை காட்டினாள். "யாரயாச்சும் படிக்கச் சொல்லிக் கேளு," என்றாள்.

யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வைத்திலிங்கம் ஏற்கெனவே முன்னால் நின்றிருந்தார். கண்ணாடி இப்போது பாட்டில் கனம் ஆகியிருந்தது. "வழி விடுங்கப்பா. பிரெஞ்சு படிக்கத் தெரியாம ஏன் மொய்க்கறீங்க? நான் படிக்கறேன்." கூட்டம் அடங்கியது. செத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் காதைக் கொடுத்தார்கள்.

"எத்மோனோட விதவை மார்கெரித் அம்மா." அடுத்த வரி. "மகன் ழான்-போல்." அடுத்த வரிக்கு வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டார். அப்புறம் பட்டாளத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி, ரோடு முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார்.

"ஆல்போன்ஸோட விதவை, நீலாயதாட்சி அம்மா!"

நான்கைந்து பேர் திரும்பி மீன் கூடைக்காரியைப் பார்த்தார்கள்.

அதற்குள் பாட்டு கேட்டது. பெட்டி வந்துவிட்டது. தோள்மாற்றித் தூக்கி வந்தவர்கள், வாசலை அடைத்து நின்ற கூட்டத்துக்கு முன்னால் தயங்கி நின்றார்கள். பின்னால் வந்த காரிலிருந்து மார்கெரித் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள். கண் மேலும் கீழும் தேடியது. எதிலும் போய் நிற்கவில்லை.

"அப்பா பேரு எங்க?" என்றான் ழான்-போல்.

"இருக்குங்க," என்றாள் அஞ்சுகம். "படிச்சுப் பாருங்க."

வைத்திலிங்கம் மீதி வரிகளை விடாமல் படித்துக்கொண்டே போனார். புதுச்சேரி மச்சினர்கள் போனார்கள், ரெயூனியன் மருமகள் போனாள். கடைசியில் செத்தவர் பெயருக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பெயர் சரியாகக் காதில் விழவில்லை.

"வழி விடும்மா," என்றார் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர்.

நீலாயதாட்சி நகரவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை, மார்கெரித்தையும் பார்க்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இருங்க, அவரு படிக்கட்டும்," என்றாள். அப்புறம் வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். "மொதல்லேருந்து இன்னொரு தடவ படிங்க."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். தோளில் பெட்டியோடு நின்றவர்கள் காலை மாற்றிக்கொண்டார்கள்.

அஞ்சுகம் மூடியிருந்த வலது கையை அப்போதுதான் உணர்ந்தாள். கிளம்பும்போது தட்டில் போட எடுத்த அந்த ஆறு எழுத்துகளும் இன்னும் தட்டுக்குப் போகவில்லை, கைக்குள்ளேயே இருந்தன. அவற்றின் மெல்லிய பாதங்கள் உள்ளங்கையில் கோடு கோடாகப் பதிந்திருந்தன. கைச்சூட்டில் ஈயம் வெதுவெதுப்பாக இருந்தது.